மேசையில் நான்கு பேர் இருக்கிறோம்: மேஜிக் கார்டு வடிவமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனத்தில் மேஜிக்: த கேதரிங் என்ற அட்டை ஆட்டத்தின் கார்டுகளை வடிவமைக்கும் எல்லோருக்கும்,

வணக்கம். ஒரு தலைவர் கார்டைச் சுற்றி டெக் (கார்டுக் கட்டு) அமைத்து, வழக்கமாக நால்வர் ஆடும் கமாண்டர் முறைக்கும், நான்கைந்து பேர் கூடி ஜாலியாக ஆடும் மற்ற ஆட்டங்களுக்கும் நீங்கள் இனி கொண்டுவரப்போகும் கார்டுகளைப் பற்றி ஒரே ஒரு விஷயம் கேட்கத்தான் இதை எழுதுகிறேன். நான் ஒரு கார்டை இறக்கினால், மேசையில் இருக்கும் மற்ற மூன்று பேருக்கும் அதனால் ஒரு வேலை வர வேண்டும். யோசிப்பது, பேரம் பேசுவது, தாக்குவது, கூட்டுச் சேர்வது, முடியாது என்று மறுப்பது, எது வேண்டுமானாலும் இருக்கட்டும். இப்போது வரும் கார்டுகளில் நிறைய, இறக்கியவருக்கு மட்டும் வேலை கொடுத்துவிட்டு, அவர் எடுத்து, தேடி, டோக்கன் (கார்டுக்குப் பதிலாக வைக்கும் சின்னம்) வைத்து, கலைத்து முடிக்கும்வரை மற்ற மூவரையும் வேடிக்கை பார்க்க வைக்கின்றன.

வெளியாட்கள் தாங்களாக எழுதி அனுப்பும் கார்டு வடிவமைப்புகளை நீங்கள் படிக்கக் கூடாது என்று ஒரு விதி உண்டு என்பது தெரியும். அதனால் நானாக ஒரு கார்டை எழுதி இதில் சேர்க்கவில்லை. நீங்களே ஏற்கெனவே செய்த கார்டுகளை வைத்துத்தான் பேசப்போகிறேன், ஏனென்றால் நான் கேட்பதைப் பல தடவை நீங்களே அருமையாகச் செய்திருக்கிறீர்கள்.

முதலில் கணக்கு. இது உங்களுக்குத் தெரியாததல்ல, ஆனால் இதை எடுத்து வைக்காமல் மற்றதைச் சொல்ல முடியாது. 1993இல் வந்த மேஜிக் அடிப்படையில் இருவர் ஆட்டம். ஆளுக்கு 20 லைஃப், அதாவது உயிர்ப் புள்ளிகள்; அவை தீர்ந்தால் தோல்வி. லைட்னிங் போல்ட் என்ற கார்டு ஒரு மானாவுக்கு (மானா என்பது கார்டு இறக்கக் கட்டும் விலை, பெரும்பாலும் லேண்ட் கார்டுகள் தருவது) 3 டேமேஜ் தரும், அதாவது எதிராளியின் மொத்த லைஃபில் நூற்றுக்கு 15 பங்கு. கமாண்டரில் ஆளுக்கு 40 லைஃப், எதிராளிகள் மூன்று பேர், ஆக 120. அதே போல்ட் இங்கே நூற்றுக்கு இரண்டரைப் பங்கு. கார்டு மாறவில்லை, மேசை மாறியதும் அதன் மதிப்பு போய்விட்டது.

டேமேஜ் மட்டும் என்றால் எண்ணைக் கூட்டி எழுதிச் சமாளித்துவிடலாம். சிக்கல் அதைவிட ஆழமானது. இருவர் ஆட்டத்தில் என் கார்டு ஒன்றைச் செலவழித்து எதிராளியின் கார்டு ஒன்றை ஒழித்தால் கணக்கு நேர். நால்வர் ஆட்டத்தில் அதையே செய்தால் நாங்கள் இருவரும் ஒரு கார்டு பின்தங்கியிருப்போம், ஒன்றுமே செய்யாத மற்ற இருவரும் ஒரு கார்டு முந்தியிருப்பார்கள். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்களே, இந்த மேசையில் ஒவ்வொரு சண்டைக்கும் இரண்டு கூத்தாடிகள். தாக்குவதும் அப்படித்தான்: என் கிரியேச்சர்களை (தாக்கவும் தடுக்கவும் உதவும் உயிரினக் கார்டுகள்) டேப் செய்து, அதாவது பயன்படுத்தியதாகப் பக்கவாட்டில் திருப்பி வைத்து, ஒருவரை அடித்தால், அடிபட்டவருக்கு என் மேல் கோபம், மற்ற இருவருக்கும் என் வாசல் திறந்து கிடக்கிறது. ஆக எந்தக் கார்டும் குறுக்கே வராவிட்டால், சும்மா உட்கார்ந்து தன் பக்கத்தை மட்டும் வளர்த்துக்கொண்டிருப்பதுதான் இந்த ஆட்டத்தில் புத்திசாலித்தனம். நான்கு பேரும் அப்படியே நினைத்தால், நான்கு பேர் தனித்தனியாக நான்கு ஆட்டம் ஆடி, எவருடையது முதலில் முடிகிறதோ அவர் ஜெயித்தார் என்று எழுந்து போவோம்.

இந்த ஆட்டத்துக்கென்றே தனியாக ஒரு கார்டு தேவைப்படுகிறது என்றால் அதன் முதல் வேலை, சும்மா இருப்பதை நஷ்டமாக்குவது அல்லது அசைவதை லாபமாக்குவது. எனக்கு இதைவிட முக்கியமாக எதுவும் படவில்லை.

2011இல் முதல் கமாண்டர் டெக்குகள் ஐந்தை வெளியிட்டபோது உங்கள் ஆட்கள் இதைப் புரிந்து வைத்திருந்தார்கள் என்பது அந்தக் கார்டுகளைப் பார்த்தாலே தெரிகிறது. எட்ரிக், ஸ்பைமாஸ்டர் ஆஃப் டிரெஸ்ட் அதில் வந்தவர்தான். என் எதிராளிகளில் ஒருவருக்கு யாருடைய கிரியேச்சர் காம்பாட் டேமேஜ் (தாக்குதலில் விழும் அடி) கொடுத்தாலும், அந்தக் கிரியேச்சரின் சொந்தக்காரர் ஒரு கார்டு எடுத்துக்கொள்ளலாம். எட்ரிக் மேசைக்கு வந்ததும் எல்லோரும் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்ப்பார்கள், ஏனென்றால் என்னை அடித்தால் கார்டு கிடையாது, பக்கத்தில் இருப்பவரை அடித்தால் உண்டு. அதே டெக்குகளில் வந்த வவ் கார்டுகள் ஐந்தும் அதே மாதிரி: எதிராளியின் கிரியேச்சருக்கே தாக்கும் பலத்திலும் தாங்கும் பலத்திலும் +2/+2 (ஒரு கார்டில் மட்டும் +3/+3) கொடுத்துப் பலமாக்கி, ஆனால் என்னைத் தாக்க முடியாது என்று கட்டிவிடலாம். கொல்லாமல், அடக்காமல், பக்கத்து வீட்டுப் பக்கம் திருப்பி விடுகிற கார்டு. நான் பரிசு கொடுத்தவரும் சந்தோஷப்படுகிறார், மற்ற இருவருக்கும் திடீரென்று ஒரு பிரச்சினை வருகிறது, ஆட்டம் அசைகிறது.

எனக்கு மிகப் பிடித்தது 2017இல் வந்த கர்ஸ் ஆஃப் ஓப்யுலன்ஸ். ஒரே ஒரு சிவப்பு மானா. ஒரு எதிராளி மேல் வைக்கிறேன். அவர் தாக்கப்படும்போதெல்லாம் எனக்கு ஒரு கோல்ட் டோக்கன் (ஒரு தடவை மானாவாக மாற்றிக்கொள்ளலாம்), அவரைத் தாக்குகிற என் எதிராளிக்கும் ஒன்று. முதல் டர்னிலேயே இறக்கலாம், இரண்டாவது டர்னில் ஒருவர் 1/1 வைத்திருந்தால்கூட அவருக்கு அதை அனுப்பிப் பார்க்க ஆசை வரும். அடிபடுகிறவர் ஆரம்பத்திலேயே தற்காத்துக்கொள்ளத் தொடங்குவார், அல்லது "என்னை விட்டுவிடு, அடுத்த டர்ன் நான் அவரைப் பார்த்துக்கொள்கிறேன்" என்று பேரத்தில் இறங்குவார். இவ்வளவும் ஒரு மானாவில், அபூர்வம் என்றுகூடச் சொல்ல முடியாத ஒரு அன்காமன் கார்டில். எந்த டெக்கையும் இது தானாக ஜெயிக்க வைக்காது, ஆனால் இது இருக்கும் மேசையில் முதல் அரை மணி நேரம் ஒருபோதும் செத்துக் கிடக்காது.

2016இல் கான்ஸ்பிரஸி: டேக் த கிரவுன் தொகுப்பில் வந்த மொனார்க் (மன்னர்) என்ற விதி இன்னொரு அருமையான யோசனை. யார் மன்னரோ அவருக்குத் தன் ஒவ்வொரு டர்ன் முடிவிலும் ஒரு கார்டு, ஆனால் யாருடைய கிரியேச்சராவது மன்னருக்குக் காம்பாட் டேமேஜ் கொடுத்தால் கிரீடம் அந்தக் கிரியேச்சரின் சொந்தக்காரருக்குப் போய்விடும். விதி எவ்வளவு சின்னது! புதிதாக ஆட வந்தவருக்கு இரண்டு வாக்கியத்தில் சொல்லிப் புரியவைத்துவிடலாம். பின்தங்கி இருப்பவருக்கும் ஒரு பறக்கும் கிரியேச்சர் இருந்தால் போதும், உள்ளே வந்துவிடலாம். அதே தொகுப்பில் வந்த கோட் (goad, அதாவது சீண்டிவிடுதல்) எனக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் பிடிக்கும். கோட் செய்யப்பட்ட கிரியேச்சர் முடிந்தால் தாக்கியே ஆக வேண்டும், முடிந்தவரை என்னைத் தவிர வேறு ஒருவரைத்தான் தாக்க வேண்டும். ஆட்டம் அசைகிறது என்பது உண்மை, ஆனால் அசைவது அந்தக் கிரியேச்சரின் சொந்தக்காரர் விருப்பத்தால் அல்ல. ஒரு கிரியேச்சரை ஒரு தடவை கோட் செய்வது வேடிக்கை. ஒருவருடைய எல்லாக் கிரியேச்சர்களையும் ஒவ்வொரு டர்னும் கோட் செய்துகொண்டே இருந்தால் அவருக்கு அங்கே உட்கார வேண்டிய அவசியமே இல்லை. கட்டாயப்படுத்துவதைவிட ஆசை காட்டுவது நல்லது என்பது என் கட்சி.

ஆசை காட்டுவதற்கு 2013இல் வந்த டெம்ப்ட் வித் டிஸ்கவரியைவிட நல்ல உதாரணம் இல்லை. நான் என் டெக்கிலிருந்து ஒரு லேண்ட் தேடி இறக்குகிறேன். ஒவ்வொரு எதிராளியும் விரும்பினால் தனக்கும் ஒன்று தேடிக்கொள்ளலாம், ஆனால் அப்படி எடுக்கும் ஒவ்வொருவருக்கும் எனக்கு இன்னொரு லேண்ட் கூடுதலாகக் கிடைக்கும். மூன்று பேரும் மறுத்தால் எனக்கு ஒன்றோடு போயிற்று. மூன்று பேருக்கும் அது தெரியும். இருந்தாலும் "அவர் எப்படியும் எடுக்கத்தான் போகிறார், நான் மட்டும் ஏன் விட வேண்டும்" என்ற எண்ணம் ஒவ்வொருவருக்கும் வரும். அனுபவம் உள்ளவர்கள் மறுக்கக் கற்றுக்கொள்கிறார்கள், சரி, ஆனால் லேண்டே வராமல் திணறிக்கொண்டிருக்கும் ஒருவர் மேசையில் இருந்தால் அந்தத் தீர்மானமும் உடைகிறது. மறுப்பதா எடுப்பதா என்பது அன்றைய மேசையைப் பொறுத்தது, அதனால்தான் அந்தக் கார்டு பழசாகவில்லை.

இப்போது மறுபக்கம். ரிஸ்டிக் ஸ்டடி 2000இல் வந்த பழைய கார்டு, அப்போது அதை காமனாக அச்சிட்டீர்கள். எதிராளி ஸ்பெல் (லேண்ட் அல்லாத கார்டு) போடும்போதெல்லாம், அவர் ஒரு மானா கட்டாவிட்டால் நான் ஒரு கார்டு எடுக்கலாம். 2019இன் ஸ்மதரிங் டைத் அதே குடும்பம்: எதிராளி கார்டு எடுக்கும்போது அவர் இரண்டு மானா கட்டாவிட்டால் எனக்கு ஒரு டிரெஷர், அதுவும் கோல்ட் போல ஒரு தடவை மானாவாகும் டோக்கன். இவையும் மற்றவர்களுக்கு ஒரு முடிவைக் கொடுக்கின்றனவே, நீ கேட்பதும் அதுதானே என்று நீங்கள் கேட்கலாம். முடிவுதான், ஆனால் எப்போதும் ஒரே முடிவு. ஆட்டம் முழுக்க "கட்டுகிறாயா? கட்டுகிறாயா?" என்ற கேள்வி ஓடிக்கொண்டே இருக்கிறது. நான் ஒழுங்காகக் கட்டி என் டர்னை மெதுவாக்கிக்கொண்டாலும், பக்கத்தில் இருப்பவர் கட்டாமல் விட்டால் நான் பட்ட கஷ்டம் வீண். அங்கே பேரம் இல்லை, ஆச்சரியம் இல்லை, முகத்தைப் பார்த்து எடுக்கும் முடிவு இல்லை, வரி வசூல் மட்டும்தான் இருக்கிறது. போதாததற்கு ஒவ்வொரு ஸ்பெல்லும் இருபது விநாடி நீள்கிறது. ரிஸ்டிக் ஸ்டடியை அழிக்கச் சொல்லவில்லை, அதை விரும்பி ஆடுகிறவர்கள் ஆடட்டும். அதே அச்சில் புதிதாக இன்னும் வார்க்காதீர்கள் என்று மட்டும் கேட்கிறேன். எதிராளி ஏதாவது செய்தால் எனக்கு ஏதாவது என்ற வாக்கியத்தோடு ஒரு கார்டு உங்கள் மேசைக்கு வந்தால், அந்த எதிராளிக்கும் அதில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை கேளுங்கள்.

இதைவிட மோசமானது, மற்றவர்கள் செய்வதையே பிடுங்கிக்கொள்ளும் கார்டு. 2020இல் கமாண்டர் லெஜண்ட்ஸில் வந்த ஹல்பிரீச்சர், எதிராளிகள் தங்கள் டிரா ஸ்டெப்பில் (டர்ன் தொடக்கத்தில் கார்டு எடுக்கும் கட்டம்) எடுக்கும் முதல் கார்டைத் தவிர எதை எடுக்கப் போனாலும் அதற்குப் பதிலாக எனக்கு டிரெஷர் வைத்தது. எல்லோரும் கையைக் கொட்டிவிட்டு ஏழு கார்டு எடுங்கள் என்று சொல்லும் ஒரு ஸ்பெல்லோடு அதைச் சேர்த்தால் மூன்று பேரின் கையும் ஒரே நொடியில் காலி. 2021இல் அதை பேன் (தடை) செய்ய வேண்டி வந்தது. பலர் ஆட்டத்துக்கென்றே பிறந்த ஒரு தொகுப்பில், பலர் ஆட்டத்துக்கென்றே எழுதிய கார்டு, ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் ஆடுவதை நிறுத்தியது. அதே தொகுப்பின் ஜுவல்ட் லோட்டஸ் கமாண்டரை இறக்க மட்டுமே மூன்று மானா தரும் கார்டு, வேறு எந்தப் பயனும் கிடையாது. அது 2024 செப்டம்பரில் பேன் ஆனது. கமாண்டருக்கு என்று எழுதியதாலேயே ஒரு கார்டு மேசைக்கு நல்லதாகிவிடாது என்பதற்கு இந்த இரண்டைவிட வேறு சாட்சி வேண்டாம்.

கமாண்டர்களாக வரும் லெஜண்டரி கிரியேச்சர்களிடமும் இதே வியாதி இருக்கிறது. 2019இன் கோர்வோல்டையும் சூலேனையும் எடுத்துக்கொள்ளுங்கள். மேசையில் நிலைத்து நிற்கும் என் கார்டு (பெர்மனன்ட்) ஒன்றை நான் பலி கொடுத்தால் கோர்வோல்ட் வளர்கிறது, கார்டும் எடுக்கிறது. நான் கிரியேச்சர் ஸ்பெல் போட்டால் சூலேன் கார்டு எடுத்துக் கொடுத்து, கையிலிருந்து லேண்டும் இறக்க விடுகிறது. இரண்டுமே பலமான, சுவையான இயந்திரங்கள், ஆடுகிறவருக்கு மிகவும் பிடிக்கும் என்பது புரிகிறது. ஆனால் எதிரில் மூன்று நாற்காலிகளும் காலியாக இருந்தாலும் அவை அப்படியே ஓடும். பக்கத்தில் 2021இன் பிரீனா, த டெமகாகை வைத்துப் பாருங்கள். என் எதிராளிகளில் ஒருவரை யாராவது தாக்கும்போது, தாக்கப்படுகிறவருக்கு என் இன்னொரு எதிராளியைவிட லைஃப் அதிகம் இருந்தால், தாக்குகிறவர் கார்டு எடுக்கிறார், என் கிரியேச்சர் ஒன்று பலம் கூட்டும் இரண்டு கவுண்டர் வாங்குகிறது. முன்னால் இருப்பவரை அடி, பின்னால் இருப்பவரை விட்டுவிடு என்று கார்டே சொல்லிக் கொடுக்கிறது. எதிராளிகள் இல்லாமல் பிரீனாவுக்கு வாழ்க்கையே இல்லை. கமாண்டர் ஜோனில் உட்காரப்போகும் ஒவ்வொரு புதிய லெஜண்டையும் அப்படி எழுதச் சொல்லவில்லை, ஒவ்வொரு தொகுப்பிலும் இரண்டு மூன்றையாவது எழுதுங்கள்.

நாது, விங்டு விஸ்டம் என்ற கார்டின் கதை உங்களுக்கு இன்னும் வலிக்கும் என்று நினைக்கிறேன். கமாண்டரை மனதில் வைத்துக் கடைசி நேரத்தில் மாற்றி எழுதி, அந்த இறுதி வடிவத்தில் ஆடிப் பார்க்காமலே போன கார்டு என்பதை உங்கள் தரப்பே வெளிப்படையாக எழுதியது. அந்த நேர்மைக்கு மரியாதை. 2024 ஜூனில் வந்து, ஆகஸ்டில் இருவர் ஆடும் மாடர்ன் முறையிலும் செப்டம்பரில் கமாண்டரிலும் பேன் ஆகிவிட்டது. பலர் ஆட்டத்துக்கான கார்டு இருவர் ஆட்டத்துக்குள் கசிவது இது முதல் தடவையும் அல்ல. 2013இன் ட்ரூநேம் நெமசிஸ், தேர்ந்தெடுத்த ஒரே ஒருவரிடமிருந்து மட்டும் பாதுகாப்புக் கொண்டது. நான்கு பேர் மேசையில் மற்ற இருவரும் அதைச் சமாளிக்கலாம், இருவர் ஆட்டத்தில் மற்ற இருவர் என்று யாரும் இல்லையே. 2022இல் வந்த இனிஷியேடிவ் என்ற விதியும் அப்படித்தான் லெகசி என்ற இருவர் ஆட்ட முறையைப் புரட்டிப்போட்டது, 2023இல் அதைத் தரும் வைட் ப்ளூம் அட்வென்ச்சரரை அங்கே பேன் செய்தீர்கள்.

இந்தப் பயத்தில் பலர் ஆட்டக் கார்டுகளையே சுருக்கிவிட வேண்டாம். வழி உங்களிடமே இருக்கிறது. 2018இல் பேட்டில்பாண்டில் வந்த லேண்டுகள் இரண்டோ அதற்கு மேலோ எதிராளிகள் இருந்தால் டேப் ஆகாமல் வரும், இல்லாவிட்டால் டேப் ஆகி வரும், அவ்வளவுதான், ஒற்றை வரியில் பிரச்சினை தீர்ந்தது. 2024இல் புளூம்பரோவில் வந்த கிஃப்ட் அதைவிட அழகு. ஸ்பெல் போடும்போது ஒரு எதிராளிக்கு ஒரு பரிசு தருவதாக வாக்குக் கொடுத்தால், ஒரு கார்டோ, டேப் ஆன ஒரு மீன் டோக்கனோ, ஸ்பெல்லின் பலன் கூடுகிறது. இருவர் ஆட்டத்தில் அது வெறும் விலை. நால்வர் ஆட்டத்தில் அந்தப் பரிசை யாருக்குக் கொடுப்பது என்பதில் ஒரு முழு அரசியலே நடக்கிறது. சாதாரணத் தொகுப்பில், சாதாரணக் கார்டுகளில், யாருக்கும் தொந்தரவில்லாமல். பேட்டில்பாண்டின் அசிஸ்டும் இந்த வகைதான்: என் ஸ்பெல்லின் விலையில் ஒரு பகுதியை இன்னொருவர் கட்டலாம். இரண்டு ஜோடிகள் மோதும் டூ ஹெடட் ஜயன்ட் முறையில் ஜோடிக்காக எழுதியது, ஆனால் எல்லோரும் எல்லோருக்கும் எதிரி என்ற மேசையில் "இந்த போர்டைத் துடைக்கிற ஸ்பெல் என் கையில் இருக்கிறது, மூன்று மானா யார் தருகிறீர்கள்" என்று கேட்கக் கிடைக்கும் சந்தோஷமே தனி. இந்த இரண்டையும் மறுபடி கொண்டுவாருங்கள்.

ஆட்டம் முடிவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதலில் வெளியேறுகிறவர் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பது பலர் ஆட்டத்தின் தீராத குறை. அதற்குப் பயந்தே பலர் யாரையும் அடிக்காமல் இருக்கிறார்கள், ஆட்டம் இன்னும் நீள்கிறது. 2015இன் மிரியட் போல, ஒருவரைத் தாக்கும்போதே மற்ற எதிராளிகளை நோக்கியும் நகல்கள் பாயும் கார்டுகள் எல்லோரையும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் இறக்குகின்றன. எக்ஸ்சாங்வினேட் போல எல்லோருக்கும் ஒன்றாகக் கணக்குத் தீர்ப்பவையும் வேண்டும். போர்டைத் துடைத்து எல்லோரையும் ஆரம்பத்துக்கே அனுப்பும் ஸ்பெல்கள் போதுமான அளவு இருக்கின்றன, மேலும் வேண்டாம்.

2024 செப்டம்பர் கடைசியில், பேன் முடிவுக்காக, கமாண்டர் விதிகளை அதுவரை கவனித்துவந்த ரூல்ஸ் கமிட்டியில் இருந்தவர்களுக்கு வந்த மிரட்டல்களுக்குப் பிறகு, கமாண்டரின் பொறுப்பு முழுவதும் உங்கள் கைக்கு வந்தது. ரசிகர்கள் தங்களுக்குள் உருவாக்கி வளர்த்த ஒரு ஆட்டம் அப்படிக் கைமாறியது வருத்தம்தான், அந்த மனிதர்கள் பட்டதை நினைத்தால் இன்னும் வருத்தம். 2025இல் நீங்கள் கொண்டுவந்த ஐந்து பிராக்கெட்டுகள் டெக்கின் பலத்தைப் பற்றி ஆட்டத்துக்கு முன்பே பேச உதவுகின்றன, நல்லது. ஆனால் பிராக்கெட் பலத்தை அளக்கிறது, மற்றவர்களுக்கு ஆடக் கிடைத்ததா என்பதை அளப்பதில்லை. பலம் குறைந்த டெக்கும் பத்து நிமிட டர்ன் போட்டு மூன்று பேரைத் தூங்க வைக்கலாம். அதைச் சரிசெய்ய விதி போதாது, கார்டுதான் செய்ய முடியும், கார்டு எழுதுகிறவர்கள் நீங்கள்தான்.

எனவே கேட்பது இது. புதிய கார்டை நான்கு பேர் ஆடிப் பார்க்கும்போது, அதை இறக்கியவரிடம் கேட்பதற்கு முன் மற்ற மூவரிடம், அதிலும் தோற்றுக்கொண்டிருந்தவரிடம், இந்தக் கார்டு வந்தபின் என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். "ஒன்றும் செய்யவில்லை, காத்திருந்தேன்" என்று பதில் வந்தால் அந்தக் கார்டைத் திரும்ப எழுதுங்கள். அப்புறம், நல்லவற்றை ‘மிதிக்’ (mythic) என்ற மிக அபூர்வ ரகத்துக்கே ஒதுக்காமல் காமனிலும் அன்காமனிலும் வையுங்கள், புதிதாக வருகிறவர்கள் கையில் முதலில் விழுவது அவைதான். அடுத்து வரும் ப்ரீகான் (ஆயத்தமாக விற்கும்) டெக்குகளில் சோல் ரிங்குக்கும் கமாண்ட் டவருக்கும் வழக்கமாக இடம் வைக்கிறீர்களே, அதேபோல் இரண்டு இடங்களைக் கர்ஸ் ஆஃப் ஓப்யுலன்ஸ், வவ் கார்டுகள், ஏதாவது ஒரு மொனார்க் கார்டு போன்றவற்றுக்கு நிரந்தரமாக ஒதுக்குங்கள். 2011இன் மைண்ட்ஸ் அக்லோவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: எல்லோரும் விரும்பிய அளவு மானா போட, போட்ட மொத்த மானா எவ்வளவோ அத்தனை கார்டுகளை ஒவ்வொருவரும் எடுக்கும் அந்தக் கார்டை, மேஜிக் கற்றுக்கொள்ளும் ஒருவர் தன் முதல் வாரத்திலேயே ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
நான்கு பேர் மேசையில் தவறாமல் உட்காரும் ஒரு ஆட்டக்காரர்